ஒன்றரை நம்பர் வயர்

திம்மையாவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். நல்லதாகப் பேசினாலும் கோபம் வரும், ஏனென்றால் ஒருத்தரும் முழுசாகப் பேசுவதில்லை. "அருப்புக்கோட்டையில அவனை மிஞ்சின வயர்மேன் கிடையாது" என்று ஒரு கூட்டம். "வீரசோழன்ல கல்யாண வீட்டை எரிக்கப் பார்த்தவன்தானே" என்று இன்னொரு கூட்டம். இந்த இரண்டு கூட்டத்திலும் ஒருத்தர்கூட அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நிற்கவில்லை. நான் நின்றேன். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

என் பெயர் சௌந்தரபாண்டியன். அருப்புக்கோட்டை பஜாரில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். திம்மையாவும் நானும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவன் தறிக்கார வீட்டுப் பிள்ளை. வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நூலோடுதான் புழக்கம். அவன் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு இழையைக் கையில் கொடுத்தால் போதும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு உருட்டி, "அறுவது" என்பான். இன்னொன்று கொடுத்தால், "எம்பது. ஆனா இது ஈரத்துல கெடந்த நூலு" என்பான். டீக்குப் பந்தயம் கட்டி எத்தனை தடவை தோற்றேன் என்று எனக்கே தெரியாது.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் பின்னால் நடப்பது விளங்காது. நூலுக்கு நம்பர் உண்டு. இருபதாம் நம்பர் தடித்த நூல், போர்வைக்கு ஆகும். நாற்பது அதைவிடச் சன்னம். நூறாம் நம்பர் தலைமுடி மாதிரி. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை. பசி, தாகம் மாதிரி அது அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது.

1961-இல் அவர்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது. தெருவே திருவிழாவாகிவிட்டது! குழித்தறிக்கு மேலே பல்பு தொங்கப் போகிறது என்று பெண்கள் தறிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். கான்ட்ராக்டரின் ஆட்கள் வயரிங் செய்ய வந்தபோது திம்மையா தறியை அப்படியே போட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே அலைந்தான். அவர்கள் விளக்குக்கு 3/22 என்றார்கள், பவருக்கு 7/20 என்றார்கள். என்ன அர்த்தம் என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டான். அடுத்த நிமிஷம் என் கடைக்கு ஓடி வந்தான்.

"ஏலே பாண்டி! மூணு புரி, இருபத்திரெண்டாம் நம்பரு. ஏழு புரி, இருபதாம் நம்பரு. இதுலயும் நம்பரு ஏறுனா கம்பி மெலியுதுலே! இது நம்ம நூல் கணக்குலே!"

கல்லாவைச் சுற்றி வந்து என்னைத் தூக்கிவிட்டான். நான் அப்போதே நல்ல கனம். கம்பியை அச்சுத் துளையில் எத்தனை தடவை இழுத்து மெலிய வைத்தார்களோ அதற்குத் தக்கபடி நம்பர் ஏறுமாம். மற்றவர்கள் அட்டவணையை மனப்பாடம் செய்து மண்டையை உடைத்துக்கொண்ட பாடம் அவனுக்கு விரலிலேயே இருந்தது. இரண்டு வருஷத்தில் மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதி வயர்மேன் லைசென்ஸ் வாங்கிவிட்டான். அதற்குப் பிறகு அரை நாள் தறி, அரை நாள் வயர். அவன் பெண்டாட்டி வெங்கடம்மாள் அவனைக் கன்னடத்தில் திட்டிவிட்டு, எனக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று தமிழிலும் ஒரு தடவை திட்டுவாள்.

வேலையில் அவன் பிடிவாதம் ஒன்றே ஒன்று. எந்தச் சாமானாக இருந்தாலும் திருப்பிப் போட்டு, அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கம்பியைத் தொட மாட்டான். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். அந்த ஆம்பியரைத் தாங்குகிற கம்பி. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்தக் காலத்தில் இதை யார் பார்த்தார்கள்? பல்பு ஹோல்டரிலேயே இஸ்திரிப் பெட்டியைச் சொருகித் தேய்த்த ஊர் இது.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் அருஞ்சுனை என்பவருடைய டீக்கடை. லாரிக்காரர்கள் கூட்டம் எந்நேரமும் இருக்கும். நாங்கள் டீ குடிக்கத்தான் போனோம். அங்கே பால் காய்ச்சும் ஹீட்டரைப் பல்புக் கம்பியில் கொடுத்திருந்தார்கள். திம்மையா டீயைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் போன கம்பியை உள்ளங்கையால் தடவினான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பல்பு அறுவது வாட்டு. ஹீட்டரு ஆயிரம் வாட்டு. நாலு பேரு போற சந்துல நாப்பது பேரை விட்டா நசுங்கிச் சாவாகளா மாட்டாகளா?"

"இத்தனை நா ஒன்னும் ஆகலையே தம்பி."

"ஆனா அன்னைக்கு நீங்க சொல்றதுக்கு இருக்க மாட்டீக!"

அருஞ்சுனை முறைத்தார். இவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் என் கடையிலிருந்து 7/20 வாங்கிப்போய்த் தனி லைன் இழுத்தான். ஹீட்டரைப் போட்டுவிட்டு வெற்றிலை போட்டு மென்று முடிக்கும் வரை கம்பிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றான். கைக்குச் சூடு தெரியக் கூடாது, அதுதான் அவன் பரீட்சை. அதே மாதம் பக்கத்துக் கடையில் இதே மாதிரி ஹீட்டரால் கூரை பற்றி எரிந்தது. அருஞ்சுனை அருப்புக்கோட்டைக்கே வந்து திம்மையாவுக்கு மாலை போட்டார். அதிலிருந்து மல்லாங்கிணறு முதல் வீரசோழன் வரை ஒரே பேச்சு, திம்மையா சொன்னால் சரி. அந்தப் பேச்சு அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய்.

இப்போது 1970-க்கு வருகிறேன். வைகாசி மாதம். தாமிரக் கம்பி கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. இனி அலுமினியம்தான் என்றார்கள். மதுரையிலிருந்து வந்த கம்பெனி ஆள் ஒருவர் என் கடையில் திம்மையாவிடம், "இனிமே 3/22, 7/20 எல்லாம் மறந்துடுங்க. ஒன்றரை, ரெண்டரை, நாலு, இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். கையில் ஒரு துண்டு வயர்கூடக் கொண்டுவரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதே வாரம் வீரசோழனிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் ஷம்சாத் பேகம். அவர் கணவர் ஹனீபா பினாங்கில் கடை வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டுக்கு விளக்கு வயரிங் செய்தது திம்மையாதான். மகள் மும்தாஜுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஹனீபாவால் வர முடியவில்லை. வர முடியாத மனுஷன், ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் இரண்டு தட்டு எலக்ட்ரிக் அடுப்பைக் கொடுத்தனுப்பி, மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் டீ இந்த அடுப்பில்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். அடுப்பின் அடியில் மூவாயிரம் வாட் என்று போட்டிருக்கிறது, அண்ணன் வந்து லைன் போட்டுத் தர வேண்டும் என்று ஷம்சாத் பேகம் கேட்டிருந்தார்.

திம்மையாவுக்குப் போக முடியவில்லை. அவர்கள் குலதெய்வம் சௌடேஸ்வரி கோயில் விழாவுக்கு அலங்கார விளக்குகள் எல்லாம் அவன் பொறுப்பு. அதனால் என் கடையில் உட்கார்ந்து, என் பேனாவை வாங்கி, ஒரு கார்டு எழுதினான்: "தங்கச்சிக்கு, மதுரையில் புது நம்பர் அலுமினிய வயர் வந்திருக்கிறது. அடுப்புக்கு ஒன்றரை நம்பர்தான் வாங்க வேண்டும். அதுதான் தடிமன். நாலு நம்பர் வாங்கிவிடாதீர்கள், அது பல்புக்கு உள்ள சன்ன வயர். யார் என்ன சொன்னாலும் கேட்க வேண்டாம். உள்ளூர் ஆளை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்."

நம்பர் ஏறினால் மெலியும். நூலில் அப்படி, தாமிரக் கம்பியிலும் அப்படி, இதில் மட்டும் வேறு மாதிரி இருக்குமா? கார்டை நானும் படித்தேன். சரி என்றேன். தபால் பெட்டியில் போட்டதும் நான்தான். அதனால் அவனைத் திட்டுகிறவர்கள் என்னையும் சேர்த்துத் திட்ட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் சாயங்காலம் மதுரையிலிருந்து வந்த பார்சலைக் காலை எட்டரைக்குப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் கடைக்கு வந்த முதல் அலுமினிய வயர். திம்மையா குளித்து விபூதி பூசி, பேப்பர் படிக்க வந்து உட்கார்ந்திருந்தான்.

"அந்த நாலு நம்பரை எடு, பாப்போம். எவ்வளவு சன்னம்னு தொட்டுப் பாக்கணும்."

லேபிளைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி விரலில் உருட்டினான். சிரித்தான்.

"லேபிளை மாத்தி ஒட்டிட்டாய்ங்கலே."

ஒன்றரையைக் கொடுத்தேன். அதையும் உருட்டினான். சிரிப்பு நின்றது. இரண்டின் முனையையும் பல்லால் கடித்து உறையை உரித்தான். நாலு நம்பரில் வெள்ளைக் கம்பி சும்மா தடியாக நின்றது. ஒன்றரையில் அதில் பாதிகூட இல்லை. இன்னொரு சுருளைப் பிரித்தான், அதற்கடுத்ததையும் பிரித்தான். எல்லாம் ஒரே மாதிரிதான். லேபிள் சரி. கம்பியின் கனத்தைத்தான் இப்போது நம்பராகப் போடுகிறார்கள், நம்பர் ஏறினால் கம்பி தடிக்கும் என்பது எங்களுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

"பாண்டி, வீரசோழன் கல்யாணம் என்னைக்கு?"

பத்திரிகை எனக்கும் வந்திருந்தது. அன்றைக்குத்தான். பதினோரு மணிக்கு நிக்காஹ், முடிந்ததும் டீ.

மூவாயிரம் வாட் அடுப்பு பதின்மூன்று ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை அலுமினியம் பத்து தாங்கினாலே பெரிசு. போதாததற்கு வைகாசி மாதம், வீட்டைச் சுற்றித் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருப்பார்கள். தொட்டால் பற்றிக்கொள்ளும். உள்ளே பொம்பளைகளும் பிள்ளைகளுமாக முந்நூறு பேர் இருப்பார்கள்.

தபாலாபீஸுக்கு ஓடினோம், போன் போட. ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். வீரசோழன் பஸ் எட்டு மணிக்கே போய்விட்டது, அடுத்தது பதினொன்றுக்கு. திம்மையா நாலு நம்பர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டு நடுவில் போய் நின்றுவிட்டான். பத்து மணிக்கு மேல்தான் அந்தப் பக்கம் போகிற வண்டி கிடைத்தது, ஒரு கரி லாரி. நரிக்குடிப் பக்கம் கரி மூட்டை ஏற்றப் போகிற காலி லாரி. முன்னால் ஏற்கெனவே நாலு பேர். நாங்கள் பின்னால் ஏறினோம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கரித்தூள் கிளம்பி, அவனுக்குக் கண்ணும் விபூதியும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

திருச்சுழியில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். இட்லி சாப்பிட வேண்டுமாம்! திம்மையா மேலேயிருந்து குதித்தான்.

"அண்ணே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீங்க இட்லி சாப்பிடுற நேரத்துல ஒரு கல்யாண வீடு எரிஞ்சு போயிரும்ணே!"

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியை எடுத்தார் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டத்தை நான் கண்டதில்லை! கருவேலங்காட்டுக்கு நடுவே ரோடு முழுக்கப் பள்ளம். நாங்கள் இரண்டு பேரும் தரையில் கால் பாவாமலே நரிக்குடி போய்ச் சேர்ந்தோம். எனக்கு உயிர்ப்பயம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பயத்துக்குள்ளேயும் ஒரு வேகம் இருந்தது. இன்னும், இன்னும் என்று நான் கேபின் தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன்.

போகும்போதே நான் அவனிடம் ஒரு யோசனை சொன்னேன். அதையும் மறைக்க மாட்டேன். "சும்மா மெயினை மட்டும் அமத்திருவோம். வயரு போட்டவன் சரியா போடலைன்னு சொல்லிருவோம். யாருக்கு என்ன தெரியும்?" என்றேன். அவன் தோளில் கிடந்த சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தான்.

டிரைவர் நரிக்குடியில் நிற்காமல் எங்களை வீரசோழன் வரை கொண்டுவந்து இறக்கினார், மணி பதினொன்றரை. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவர் சின்ன மீரான், ஷம்சாத் பேகத்தின் அண்ணன். மதுரைக்குப் போய் வயர் வாங்கி வந்தவரும் அவர்தான். கரி பூசிய இரண்டு பேர் பந்தலுக்குள் பாய்ந்தால் யார் விடுவார்கள்? நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"மீரானண்ணே, நான் திம்மையா! அடுப்பைப் போட்டாச்சா?"

"திம்மையாவா? என்னப்பா கோலம் இது! நிக்காஹ் முடிஞ்சிருச்சு, டீ கொதிச்சிட்டு இருக்கு. உக்காருங்க."

"மெயினை அமத்துங்க! முதல்ல அமத்துங்கண்ணே!"

மெயின் சுவிட்சு நடுக்கூடத்தில் இருந்தது. நடுக்கூடம் அன்றைக்குப் பெண்கள் பக்கம். வெளி ஆம்பளை யாரும் போக முடியாது. சின்ன மீரானே தயங்கினார். வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஷம்சாத் பேகம். சத்தம் கேட்டு வந்திருந்தார்.

"யாரு அது, நல்ல நாளும் அதுவுமா அமத்தச் சொல்றது?"

"தங்கச்சி, அடுப்புல இருந்து கரண்டை எடுத்துருங்க. வயரு பத்தாது, எரிஞ்சிரும்."

"அதெல்லாம் ஒன்னும் எரியாது. எங்களுக்கு அருப்புக்கோட்டை திம்மையா அண்ணன் கைப்பட எழுதிக் குடுத்திருக்காக. நேத்தே இந்த மைக்செட்டுச் சந்தனம், வயரு சன்னமா இருக்குன்னு பாடாப் படுத்துனாரு. அண்ணன் கார்டைக் காமிச்சுத்தான் வாயை அடைச்சேன். யாரு சொன்னாலும் கேக்காதீகன்னு அதுல எழுதியே இருக்கு."

கூட்டத்தின் ஓரத்தில் சந்தனம் நின்றுகொண்டிருந்தார். வீரசோழனில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர், நாற்பது வயசிருக்கும். லைசென்ஸ் கிடையாது. வயரைப் பார்த்த உடனேயே இது அடுப்புக்கு ஆகாது என்று அவர் சொல்லியிருக்கிறார். மைக்செட்காரனுக்கு என்ன தெரியும் என்று கார்டைத் தூக்கிக் காட்டி அவரையே போட வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மா வேறு யார் சொன்னாலும் அசைய மாட்டார். அசையாதே என்று எழுதிக் கொடுத்ததே இவன்தான். இவன் பேச்சை இவனே உடைத்தால்தான் உண்டு. அதுவும் மாப்பிள்ளை வீட்டார், ஜமாஅத்துப் பெரியவர்கள், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் உடைக்க வேண்டும்.

திம்மையா திரைக்குப் பக்கத்தில் போனான். பந்தல் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"தங்கச்சி, நான்தான் அந்தத் திம்மையா! நான் எழுதுனது தப்பு. எனக்குத் தெரியாம, தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். சந்தனம் சொன்னதுதான் சரி. ஒங்க உள்ளங்கையை அந்த வயருமேல வச்சுப் பாருங்க. சூடு இல்லைன்னா என்னைச் செருப்பால அடிங்க. சூடா இருந்தா மெயினை இழுங்க!"

பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். திரைக்குப் பின்னால் காலடி ஓடுகிற சத்தம். பிறகு, "அல்லாஹ்!" என்று ஒரு குரல். மெயின் சுவிட்சு படாரென்று விழுந்தது. மைக்செட் நின்றது, விசிறி நின்றது, வண்ண விளக்கெல்லாம் அணைந்தது. அப்போதுதான் எங்கள் மூக்குக்கும் எட்டியது, உறை உருகுகிற நாற்றம். சந்தனமும் திம்மையாவும் கொல்லைப் பக்கமாக ஓடினார்கள், நானும் ஓடினேன். சமையல் கொட்டகைக்குப் போகிற வயரை மூடி அடித்திருந்த மரப்பட்டையைச் சந்தனம் பெயர்த்தார். கீற்றுக்கு ஒரு சாண் கீழே, உறை இளகி இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மரப்பட்டையின் உட்பக்கம் பழுப்பேறியிருந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி வேறு அதே லைனில் சொருகியிருந்தது, மாப்பிள்ளையின் சட்டைக்காக.

திம்மையா அந்த ஒட்டிய வயரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, கரியில் கோடு போட்டது. எங்கள் பழக்கத்தில் அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சின்ன மீரான் கோபத்தில் வாய்க்கு வந்தபடி பேசினார். அவர் பேசி முடித்ததும் திம்மையா தோளில் கிடந்த நாலு நம்பர் சுருளை எடுத்துச் சந்தனத்திடம் நீட்டினான்.

"அண்ணே, நீங்க போடுங்க. நான் எடுத்துக் குடுக்கேன்."

"நீங்க லைசென்ஸ்காரரு. நான் போய் ஒங்களுக்கு முன்னால..."

"இன்னைக்கு இந்த வீட்ல நீங்க சொல்றதுதான் லைசென்ஸு."

விறகடுப்பில் சாப்பாடு நடந்தது. பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில், மெயின் இருந்த நடுக்கூடத்துக்குள் போக வழி கிடைத்தது. இரண்டு பேரும் வியர்த்துக் கொட்ட வேலை செய்தார்கள். பழைய லைனை முழுசாக உருவினார்கள், பட்டை அடித்தார்கள், வயர் இழுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள்கூடச் சாப்பிட்ட கையோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. சுவிட்சைப் போட்டது சந்தனம். அடுப்புத் தட்டு இரண்டும் சிவந்தன. திம்மையா வெற்றிலை கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வயர்மேல் சந்தனம் கையை வைத்திருக்க, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கால் மணி நேரம் போயிருக்கும்.

"சில்லுன்னு இருக்கு" என்றார் சந்தனம்.

பந்தலில் யாரோ கைதட்டினார்கள், உடனே எல்லோரும் தட்டினார்கள்! மாப்பிள்ளை வீட்டார் புறப்படுவதற்கு முன்னால் பினாங்கு அடுப்பில் டீ போட்டு முதல் தம்ளர் அவர்களுக்குப் போனது. ஹனீபா கேட்டது நடந்தது. கடைசியில் எங்களுக்கும் டீ வந்தது. சின்ன மீரான்தான் கொண்டுவந்தார். கோபம் முழுசாகத் தீரவில்லை, இருந்தாலும் இரண்டு முறை சர்க்கரை போட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் விட்டானா என்றால் இல்லை. இந்தப் புது நம்பரைப் பற்றி அந்த மூன்று வாரத்தில் யார் யாரிடம் பேசினோம் என்று என்னையும் உட்கார வைத்து யோசிக்கச் சொன்னான். ஒவ்வொருத்தர் வீடாகப் போனான். மல்லாங்கிணறு, காரியாபட்டி, பந்தல்குடி என்று பஸ் ஏறி இறங்கி, "நான் தப்பாச் சொல்லிட்டேன், நம்பரு ஏறுனா இது தடிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தான். எனக்கு எரிச்சல். என் கடை வியாபாரமும் அவன் பெயரை வைத்துத்தான் ஓடியது. "ஊரெல்லாம் தண்டோரா போடணுமாலே?" என்று சண்டை போட்டேன். ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. சில வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடவும் இல்லை. வீரசோழனில் எல்லா வேலையும் சந்தனத்துக்குப் போனது. அடுத்த வருஷம் அவரை மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பரீட்சை எழுத வைத்தது வேறு யார், இவன்தான்.

1976-இல் வெங்கடம்மாளுக்கு மிக்ஸி வாங்கினான். தெருவிலேயே முதல் மிக்ஸி. அடுக்களையில் புது லைன் போட வேண்டும். என் கடைக்கு வந்து வயரை விரலால் உருட்டி, நம்பரைப் படித்து, உறையை உரித்து, எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். வேலையையும் முடித்தான். ஆனால் சுவிட்சைப் போடவில்லை. வீரசோழனுக்குக் கார்டு போட்டிருக்கிறான்! மறுநாள் காலை பஸ்ஸில் சந்தனம் வந்து இறங்கினார். வெங்கடம்மாள் தேங்காயும் பொட்டுக்கடலையும் மிளகாயும் ஜாரில் போட்டு வைத்துக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தாள்.

"பதிமூணு வருசமா வயரு போடுற ஆளுக்கு ஒரு மிக்ஸிக்கு வயரு தெரியாதா? சட்னி அரைக்க வீரசோழன்ல இருந்து ஆளு வரணுமா?"

எனக்கும் பொறுக்கவில்லை. "ஏலே, உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்" என்றான். "அன்னைக்குக் கார்டு எழுதும்போதும் எனக்கு இதே மாதிரிதான் தெரியும்."

சந்தனம் மிக்ஸியைத் திருப்பி வாட்டைப் படித்தார். மெயினிலிருந்து பிளக் வரை வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தார், ஒரு இடத்தில் கழற்றிக் கம்பியைப் பார்த்தார், திரும்ப முறுக்கினார். திம்மையா பரீட்சைக்கு வந்தவன் மாதிரி சுவரோரம் நின்றான்.

"சரியா இருக்குண்ணே."

"நல்லாப் பாத்தீகளா?"

"பாத்தேன். சரியா இருக்கு."

திம்மையா தெருவுக்கு ஓடினான். "சந்தனம் சரின்னுட்டாரு!" என்று எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொன்னான். அவன் திரும்பி வருவதற்குள் வெங்கடம்மாள் சுவிட்சைப் போட்டுவிட்டாள்.